அட்டென்ஷன் சொன்ன குரல்

என் மகளைப் பெண்கள் பள்ளியில் சேர்க்கவே மாட்டேன் என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு மகளே கிடையாது. கல்யாணம்கூட ஆகவில்லை. ஒரு கம்பெனியின் வேலைத் தேர்வில், மேசையைச் சுற்றிப் பையன்கள் கத்திக்கொண்டிருக்க, சொல்ல வேண்டியதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி எடுத்த முடிவு அது. பதினேழு வருஷத்துக்கு மேல் அதைக் கட்டிக் காத்தேன். அதற்காகப் புருஷனோடு சண்டை போட்டேன், அப்பாவோடு பேசாமல் இருந்தேன். இந்த ஜூன் மாதம் நானே என் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், நான் படித்த அதே பெண்கள் பள்ளியின் வாசலில் இறக்கிவிட்டேன். மனசு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். ஐந்தாம் வகுப்பு வரை குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் பையன்களோடு ஒன்றாகப் படித்தேன். அவர்களோடு கோலி ஆடினேன், கிள்ளினேன், கடித்தேன், பதிலுக்கு வாங்கியும் கட்டிக்கொண்டேன். எவன் மீதும் எனக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அப்பா என்னை அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் போடப்போவதாகச் சொன்னார். அம்மா மட்டும், ரயில் ஏறிப் போக வேண்டுமே, தூரமாயிற்றே என்று இழுத்தாள்.

“பொம்பளப் பிள்ளைய வேற எங்க போடச் சொல்லுத?” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அப்பா இப்படிக் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பள்ளியைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது எனக்குக் கொடுத்ததை மறைத்தால் பொய் எழுதியதாகிவிடும். அங்கே பெஞ்சைத் தூக்க வேண்டுமா, நாங்கள்தான் தூக்குவோம். கொடிக் கம்பத்தில் கயிறு சிக்கிக்கொண்டால் எங்களில் ஒருத்தி ஏணி போட்டு ஏறுவாள். இயற்பியல் ஆய்வகத்தில் ஒயரைச் சீவுவதும், தப்பாக இணைத்து ஃபியூஸைப் போக்குவதும், திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி இணைப்பதும் நாங்கள்தான். பேண்டு வாத்தியத்தில் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டியிருந்தவள் எங்களிலேயே ஒல்லியான பெண். பையன்களைக் கூப்பிடு என்று சொல்ல அங்கே பையன்களே இல்லை. அதனால் எங்களால் முடியாத வேலை என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. கணக்கு டீச்சரிடம் புரியவில்லை என்று மூன்றாம் முறை எழுந்து கேட்கலாம், யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். புரியாதது என்பது அங்கே வெட்கப்பட வேண்டிய விஷயமாக இல்லை.

நான் உயரம். குரலும் பெரிசு. ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் யாருக்கு என்று யாரும் யோசித்ததே இல்லை. கண் மையால் மீசை வரைந்துவிடுவார்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பில் என்னை எஸ்.பி.எல். ஆக்கினார்கள். மொத்தப் பள்ளிக்கும் மாணவர் தலைவர். அவருக்கு அடுத்தது ஏ.எஸ்.பி.எல்., அதாவது துணைத் தலைவர். காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று எஸ்.பி.எல்.தான் கட்டளை கொடுக்க வேண்டும். “ஸ்கூல், அட்டென்ஷன்” என்று நான் சொன்னால் அத்தனை கால்களும் ஒரே சத்தமாகத் தரையில் விழும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிறது என்று ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அக்கா சொல்வாள். அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் போய் இறங்கும். அதற்கப்புறம் என் வாழ்க்கையில் அதற்கு ஈடாக எதுவும் நடக்கவில்லை.

அதே மைதானத்தில், அதே மேடையில், நான் கட்டளை கொடுத்து இறங்கியதும் தலைமையாசிரியை ஏறுவார். திங்கட்கிழமை என்றால் ஒழுக்கம் பற்றிப் பேசுவார். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும். ரோட்டில் சிரிக்கக் கூடாது. ஆண்பிள்ளை ஏதாவது கேட்டால் குனிந்த தலை நிமிராமல் நடந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் முன்னால் தலையை நிமிர்த்து, நேராகப் பார் என்று நான் சொன்ன அத்தனை தலைகளும் அதைக் கேட்டுக் குனியும். என் தலையும்தான். எங்கள் யாருக்கும் அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

எதிர்ச் சாரியில் கொஞ்சம் தள்ளி ஆண்கள் பள்ளி இருந்தது. சாயந்திரம் மணி அடித்ததும் எங்களை விட மாட்டார்கள். அவர்கள் சைக்கிள் எல்லாம் போய் முடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வாட்ச்மேன் கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நிற்பார்.

“இன்னாமா அவசரம்? இன்னும் சைக்கிளு போய்கினு கீது பாரு. உள்ள நில்லு,” என்பார்.

நாங்கள் உள்ளே நிற்போம். ரயிலைத் தவற விடுவோம். பையன்கள் பாட்டுக்கு மணி அடித்ததும் கிளம்பினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள், டீக்கடையில் பஜ்ஜி தின்றார்கள். ரோடு அவர்களுடையது, அவர்கள் முடித்துவிட்டுப் போனபின் மிச்சம் எங்களுக்கு. ஆறேழு வருஷம் தினமும் இதைச் செய்தால் உடம்புக்கு அது பழகிவிடும். அவன் போகட்டும், அப்புறம் நான் போகலாம். இதைப் பாடமாக யாரும் நடத்தவில்லை, ஆனால் நான் அந்தப் பள்ளியில் மிக நன்றாகக் கற்றது இதைத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். இருபாலரும் படிக்கும் கல்லூரி என்று பேர். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு படிக்கட்டு. இடது பக்கப் படி பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு. கல்லூரி பஸ்ஸில் முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். நோட்டு வாங்கக்கூடப் பையனிடம் பேசக் கூடாது, பேசினால் வீட்டுக்குப் போன் போகும். அப்பாவுக்குப் பரம திருப்தி. பள்ளியில் சுவர் வெளியே இருந்தது, இங்கே வகுப்புக்கு நடுவில் இருந்தது.

முதல் மாதமே அது நடந்தது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விடை தெரியும். பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினேன், எழுந்தேன், பள்ளியில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தேன். பையன்கள் பக்கத்திலிருந்து ஒருவன் இருமினான். வேறு ஒன்றும் செய்யவில்லை. சும்மா ஓர் இருமல். இன்னொருவனும் இருமினான். அப்புறம் அந்தப் பக்கமே இருமியது. ஆசிரியரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பாதி வாக்கியத்தில் என் குரல் நின்றுபோயிற்று. உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண், “எதுக்குப்பா அவ்ளோ சத்தமா பேசுற?” என்று மெதுவாகக் கேட்டாள். அவள் என் நல்லதுக்குத்தான் கேட்டாள்.

நாலு வருஷம் அதற்கப்புறம் கையைத் தூக்கவில்லை. அந்த இருமலை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. குவார்ட்டர்ஸில் கோலி ஆடிய காலத்தில் எவனாவது இருமியிருந்தால் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். இடையில் அவர்களைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டேன். ராஜா வேஷம் கட்டியவளுக்கு நிஜமான பையன் ஒருவன் இருமினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வேலைத் தேர்வில் குழு விவாதம் என்று ஒன்று வைப்பார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து எல்லோரையும் பேசவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து கவனிப்பார்கள். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பஸ் ஸ்டாப், அது இதற்கப்புறம்தான். கடைசியில் அதே அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்ன கம்பெனியில், பேசத் தேவையில்லாத வேலை கிடைத்தது. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. நன்றாகவே செய்தேன், இன்றும் செய்கிறேன். கூட்டம் நடந்தால் மேனேஜர் என்னைப் பார்த்து, “நீங்க நோட்ஸ் எடுத்துக்கங்க மேடம், உங்களுதுதான் நீட்டா இருக்கும்,” என்பார். பேசுகிறவர்கள் பேச நான் எழுதுவேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் என்னிடம் தனியாக, “உங்களுக்கு இதுல இஷ்டமா?” என்று கேட்டார். என் இஷ்டத்தைக் கேட்ட முதல் ஆண் அவர்தான். அது ஒன்றே போதும் என்று சரி சொல்லிவிட்டேன். நல்ல மனிதராகத்தான் அமைந்தார். அமையாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறு ஓர் ஆணையும் தெரியாது.

ஆகவே என் மகளுக்கு இருபாலர் பள்ளி. சேக்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கிட்டத்திலேயே, பத்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளி. எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு வந்தபோதுதான் அப்பா திருநின்றவூரிலிருந்து ரயில் ஏறி வந்து, பேத்தியை என் பழைய பள்ளிக்கு மாற்றச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். ஓய்வு பெற்றபின் அங்கேதான் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார்.

“ஒன்ன நான் அங்கன படிக்க வச்சதாலதான இன்னைக்கு வேலைக்குப் போற?” என்றார்.

“அங்க படிக்க வச்சதாலதான் இந்த வேலைக்குப் போறேன்,” என்றேன்.

அப்பாவிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். ரொம்ப நாள் பேச்சு வார்த்தை இல்லை. கணவர், “வயசானவர்கிட்ட எதுக்கு? போட்டாத்தான் என்ன?” என்றார். அவருக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். நான் விடவில்லை.

விடாமல் இருந்தது சரிதான் என்று வருஷா வருஷம் எனக்குத் தோன்றியது. என் மகளுக்குப் பையன்கள் என்றால் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை. “டேய் லூசு, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கடா?” என்று மாடியிலிருந்து கத்துவாள். பரீட்சை சமயத்தில் பையன்களும் பெண்களுமாக எங்கள் ஹாலில் உட்கார்ந்து படிப்பார்கள். நான் தோசை ஊற்றி மாளாது. ஒருவன் அவளைக் கிண்டல் செய்வான், அவள் அதைவிட மோசமாகத் திருப்பிக் கொடுப்பாள். இருமினால் இவள் விக்ஸ் எடுத்து நீட்டுவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். குரல் அப்படியே என் குரல். சமையலறையில் நின்று அதைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போயிருந்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எஸ்.பி.எல். தேர்தல் வைத்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். கரும்பலகையில் கோடு போட்டு எண்ணியதில் இவளுக்குத்தான் அதிகம். அடுத்து வந்தவன் இவளுடைய கூட்டாளி, எங்கள் ஹாலில் தோசை தின்கிற பையன். அவனே இவளுக்காக ஓட்டுக் கேட்டுத் திரிந்தவன். மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரின்சிபல் மேடம் மைக்கில் வாசித்தார். எஸ்.பி.எல். அந்தப் பையன். ஏ.எஸ்.பி.எல். என் மகள்.

சாயந்திரம் வந்து சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் விஷயத்தைக் கேட்டேன்.

“எஸ்.பி.எல். எப்பவும் பாய்ஸ்லேர்ந்துதானாம்மா. கேர்ள்ஸ்னா ஏ.எஸ்.பி.எல். அதான் ரூலாம்.”

“அப்புறம் எதுக்குத் தேர்தல்?”

“பாய்ஸ்ல யாரு, கேர்ள்ஸ்ல யாருன்னு பாக்க.”

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. நான் படித்த இடத்தில் தலைவரும் பெண், துணைத் தலைவரும் பெண். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தாங்க, உங்களுக்குத் தெரியாதா என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பிரின்சிபல் அறையில் அந்த மேடமும், பள்ளியின் தாளாளரும், கணக்கு சாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மட்டும் இருப்பார் என்று நினைத்துப் போனவள் நான். வந்த விஷயத்தைச் சொல்லும்வரை குரல் இருந்தது.

“மேடம், இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல,” என்றார் பிரின்சிபல். “மார்ச் பாஸ்ட், பரேட் கமாண்ட் எல்லாம் இருக்கு. பாய்ஸ்னா வாய்ஸ் நல்லா வரும். உங்க பொண்ணுக்கும் போஸ்ட் குடுத்திருக்கோமே.”

“அவளுக்குத்தான் சார் ஓட்டு,” என்றேன். பிரின்சிபலைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைத் தாளாளரைப் பார்த்து, சார் போட்டுச் சொன்னேன்.

தாளாளர் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது நானும் பட்டிருக்கலாம். “டென்த் படிக்கிற புள்ளைங்களுக்குப் பதவிலாம் எதுக்கு மேடம்? மார்க்தான முக்கியம்? ஒரு பேட்ஜுக்கு ஆபீஸ் லீவு போட்டுட்டு வந்திருக்கீங்க,” என்று சிரித்தார். கணக்கு சார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு நிஜமாகவே தொண்டை கமறியிருக்கலாம்.

அவ்வளவுதான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாற்பதை நெருங்குகிற, சம்பாதிக்கிற, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்த பெண், “சரி சார்,” என்றேன். டீ சாப்பிடுறீங்களா என்று தாளாளர் கேட்டார். வேண்டாம் சார், தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். உள்ளே பேசியது எல்லாம் கேட்கிற தூரம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஹெல்மெட்ட குடும்மா, நான் எடுத்துட்டு வரேன்,” என்று வாங்கிக்கொண்டு வண்டி வரை கூட வந்தாள். அன்று ஸ்கூட்டரில் வரும்போது வழியிலேயே அழுதேன். அந்தப் பள்ளியையும், என் பள்ளியையும், அப்பாவையும், இருமியவர்களையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வருஷம் முழுக்க என் மகள் அவனுக்கு அரை அடி பின்னால் நின்றாள். அவனுக்கு அப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருந்தது. அட்டென்ஷன் என்று ஆரம்பித்தால் நடுவில் கீச்சென்று போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைக்க, பின்னால் நின்று இவள்தான் சொல்வாளாம். மைக் அவன் கையில் இருக்கும், குரல் இவளுடையது. குடியரசு தின விழாவுக்குப் போன என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, “பரவால்ல, நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறா,” என்று பாராட்டினார். நான் அவருக்குச் சாப்பாடு போடாமல் படுத்துவிட்டேன்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் இவளிடம் நீயே எஸ்.பி.எல்.லா இரு, நான் மேம்கிட்ட சொல்லிடறேன் என்றானாம். ஆனால் போய்ச் சொல்லவில்லை. அவனுக்கும் அந்தப் பேட்ஜ் பிடித்துத்தான் இருந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. பூந்தமல்லி போகிற வழியில் பாரிவாக்கம் பக்கம் ஓர் இருபாலர் மேல்நிலைப் பள்ளியை நான் பார்த்து வைத்திருந்தேன். கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“ம்மா, நான் உன் ஸ்கூலுக்கே போறேன்.”

நான் மடிப்பதை நிறுத்தினேன். அப்புறம் பேசினேன் பாருங்கள், வீட்டுக்குள் பேச எனக்கு யார் தடை. இரண்டு படிக்கட்டைச் சொன்னேன், இருமலைச் சொன்னேன், வாட்ச்மேனைச் சொன்னேன், துப்பட்டா பின்னைச் சொன்னேன். இரண்டு வருஷம் பெண்களுக்கு நடுவில் ராணி மாதிரி இருந்துவிட்டு வெளியே வந்தால் நாக்கைப் பிடுங்கி வைத்ததுபோல் நிற்பாய் என்றேன். பிரின்சிபல் ரூமில் நான் சரி சார் என்றதைக் கேட்டாயே, அந்தப் பள்ளிதான் என்னை அப்படி ஆக்கியது என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ம்மா, ஒண்ணு கேக்கவா? ஏ.எஸ்.பி.எல்.னு மைக்ல என் பேர் படிச்சாங்கல்ல. யாருக்கு எவ்ளோ ஓட்டுன்னு மொத்த கிரவுண்டுக்கும் தெரியும். நான் ஸ்டேஜ்ல ஏறி என்ன சொன்னேன் தெரியுமா?”

“என்ன சொன்ன?”

“ஓகே மேம், தேங்க்யூ மேம்னு சொன்னேன். நான் எல்.கே.ஜி.லேர்ந்து பசங்க கூடத்தானம்மா படிச்சேன்.”

இத்தனை வருஷமாக ஒரு கணக்கைப் போட்டு, விடை சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். சுவருக்குள் வளர்ந்ததால் எனக்கு வாய் போயிற்று, சுவர் இல்லாமல் வளர்ந்தால் இவளுக்கு வாய் இருக்கும். அவளுக்கு வாய் இருந்தது. கூட்டாளியிடம், தெருவில், மாடியில், எல்லா இடத்திலும் இருந்தது. வேண்டிய ஓர் இடத்தில் மட்டும், என்னைப் போலவே, நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள்.

“அங்க போனா என் முன்னாடி நிக்கிறவளும் பொண்ணாதான் இருப்பா. அது எனக்கு ஓகே,” என்றாள்.

“அப்புறம் காலேஜ் வருமே. அப்போ?”

“வரட்டும். ரெண்டு வருஷமாச்சும் கெடைக்குதுல்ல.”

பதினாறு வயதுப் பெண் அதை அழாமல், விலை படிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு பள்ளி இல்லை. வேறு ஊரும் இல்லை.

என் கணவருக்கு ஒரே சந்தோஷம். “இப்பவாச்சும் உனக்குப் புரிஞ்சுதே,” என்றார். அப்பா திருநின்றவூரிலிருந்து போன் செய்தார். “நான் அன்னைக்கே சொன்னேம்லா,” என்றார். அவர்கள் நினைத்த காரணம் வேறு, நாங்கள் அங்கே போகிற காரணம் வேறு என்று விளக்கலாம் என்று வாயெடுத்தேன். எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர்கள் இருவரும் தாங்கள் ஜெயித்ததாகவே இன்றுவரை நம்புகிறார்கள்.

முதல் நாள் அவளைக் கொண்டு விட்டேன். கேட்டுக்குப் புதுப் பெயின்ட், தாழ்ப்பாள் பழையதுதான். வாட்ச்மேன் வேறு ஆள். துப்பட்டா போய், இப்போது மேல்கோட்டு வந்திருக்கிறது. என் மகள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் உடனே கிளம்பவில்லை. வண்டியை ஸ்டாண்டு போடாமல் ரோட்டோரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி. பிறகு ஒரு பெண் குரல், மைக் இல்லாமல்.

“ஸ்கூல், அட்டென்ஷன்.”

அத்தனை கால்களும் ஒரே சத்தமாக விழுந்தன. ரோட்டில் நின்றிருந்த என் குதிகால்களும் தாமாகச் சேர்ந்தன. முதுகு நேராயிற்று, தலை நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் பெற்ற பெண்ணோ, அவள் குரலுக்குள் என் குரல் இன்னும் அந்த மைதானத்தில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அங்கேயே அப்படியே நின்றுவிட வேண்டும் போலிருந்தது.

பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. முன்னால் போக அவனுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

“இன்னா மேடம், ரோட்ல நின்னுகினு வேடிக்கை பாத்துகினு கீற? ஓரம் போ,” என்றான். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவனாக இருப்பான்.

“சாரிண்ணா,” என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் போனேன்.